ஏப்ரலில் கால்வாய்ப் பயணம்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

இங்கிலாந்துக் கால்வாய்களில் நேரோபோட் (ஒடுக்கமான நீளப் படகு) வாடகைக்கு எடுக்கப் போகிறவர்கள் கேட்டவை இவை.

அக்கா, நாங்கள் யாரும் படகு ஓட்டியதே இல்லை. லைசென்ஸ் வேண்டுமா?

வேண்டாம். வாடகைக்குக் கொடுப்பவர்களே கிளம்பும் முன் சொல்லித் தருவார்கள். உச்ச வேகமே மணிக்கு 4 மைல்தான். சுக்கான் கைப்பிடியை இடப்பக்கம் தள்ளினால் படகின் மூக்கு வலப்பக்கம் திரும்பும்; அரைமணி நேரத்தில் கை பழகிவிடும். எதிரே படகு வந்தால் வலப்புறம் ஒதுங்குங்கள்.

ஒரு வாரத்தில் ஃபோர் கவுண்டீஸ் ரிங் என்ற வட்டக் கால்வாய்ப் பாதையை முழுக்கச் சுற்றலாமா? 6 வயதுப் பையன் உண்டு.

இந்த முறை வேண்டாம். அது 110 மைல், 94 லாக் (நீர்மட்டம் மாறும் இடத்தில் படகை ஏற்றி இறக்கும், இருபுறமும் கதவுள்ள தொட்டி). இரண்டையும் கூட்டி மூன்றால் வகுத்தால் கிட்டத்தட்ட எத்தனை மணி நேரம் என்று கிடைக்கும்: 68. தினமும் பத்து மணி நேரம் நின்றுகொண்டே ஓட்டினால் பையனுக்கு எதுவும் மிஞ்சாது. கிரேட் ஹேவுட்டிலிருந்து ட்ரென்ட் அண்ட் மெர்சி கால்வாயில் ஸ்டோன் என்ற ஊர் வரை போய்த் திரும்புங்கள். ஒரு வழிக்குச் சுமார் 10 மைல், நான்கே லாக். அப்புறம் ஒரு சாயங்காலம் கிரேட் ஹேவுட் பக்கத்தில் டிக்ஸால் வைடில் படகைக் கட்டுங்கள். குறுகலான கால்வாய் அங்கே ஏரி மாதிரி விரிந்து கிடக்கும். எனக்கு அதைவிடப் பிடித்த இடம் இல்லை.

குளிர்காலப் பராமரிப்புக்காக மூடிய லாக் சில சமயம் தாமதமாகத் திறக்கும். கிளம்பும் முன், கால்வாய்களைப் பராமரிக்கும் கனால் அண்ட் ரிவர் டிரஸ்டின் அறிவிப்புகளைப் பார்த்துவிடுங்கள்.

லாக்கில் உண்மையிலேயே எதற்குப் பயப்பட வேண்டும்?

லாக்கில் படகு கீழே இறங்கும்போது, அதன் பின்பக்கத்துக்கு. மேல்கதவின் அடியில் வாசற்படி போல ஒரு திட்டு நீட்டிக்கொண்டிருக்கும்; அதற்கு ‘சில்’ என்று பெயர். லாக் நிறைந்திருக்கும்போது கண்ணுக்குத் தெரியாது. அது எதுவரை என்று காட்டத்தான் கரையில் வெள்ளைக் கோடு போட்டிருக்கிறார்கள். அந்தக் கோட்டுக்கு முன்னால் படகு முழுவதும் இருக்க வேண்டும்.

எங்கள் முதல் வருடம் நான் பேச்சு சுவாரஸ்யத்தில் படகைப் பின்னால் நழுவ விட்டேன். தண்ணீர் இறங்க இறங்க, உள்ளே சமையல் மேடையில் தட்டுகள் ஒவ்வொன்றாக முன்பக்கம் சரியும் சத்தம். படகின் பின்பாகம் திட்டில் உட்கார்ந்துவிட்டது. கீழ்க்கதவருகே நின்ற மகள் உடனே மதகை இறக்கினாள். பிறகு மேல்மதகை மெல்லத் திறந்து தண்ணீர் விட்டதும் படகு மிதந்தது. இன்னும் இரண்டு நிமிடம் போயிருந்தால் முன்பக்கம் தண்ணீர் ஏறியிருக்கும். அதனால் மதகுக்கு ஒருவர் எப்போதும் நிற்கட்டும், ஓட்டுபவரையே பார்த்தபடி. மதகு திருப்பும் கைப்பிடியான விண்ட்லாஸை அச்சில் மாட்டியபடி விட்டுவிட்டுப் போகாதீர்கள். பல்சக்கரம் நழுவினால் அது சுழன்று பறந்து வந்து அடிக்கும்.

ராத்திரி குளிருமா? அம்மாவும் வருகிறார்.

குளிரும், சில விடியலில் உறைபனியே இருக்கும். அடுப்பு மூட்டினால் அறை சீக்கிரம் சூடாகிவிடும். ஆனால் காற்றுத் துவாரங்களைத் துணி வைத்து அடைக்கக் கூடாது. கார்பன் மோனாக்சைடு அலாரத்தை முதல் நாளே அழுத்திப் பாருங்கள்.

குஞ்சுப் பறவைகள் பார்க்கக் கிடைக்குமா?

வாத்துக்குஞ்சுகள் நிச்சயம். நாமக்கோழிகளின் கூட்டையும் தேடுங்கள்: நாணலும் குச்சியும் அடுக்கி, தண்ணீர் மட்டத்துக்கு ஒரு சாண் மேலேதான் இருக்கும். வேகமாகப் போனால் நம் அலை முட்டைமேல் ஏறிவிடும். கூட்டைக் கண்டதும் எஞ்சினைக் குறைத்து, தாண்டிய பிறகு கூட்டுங்கள்.