ஷூ ரேக் மேல் இருக்கும் கட்டைப்பை

கேள்வி: வேலைக்காக 2021-இல் ஜெர்மனி வந்தேன். ஸ்டுட்கார்ட்டில் ப்ளூ கார்டில், அதாவது படித்து வேலைக்கு வருபவர்களுக்குக் கொடுக்கும் பெர்மிட்டில் இருக்கிறேன். சொந்த ஊர் திருநெல்வேலி பக்கம். மனைவி இங்கே வந்து 2 வருடம் ஆகிறது. ஊரில் 4 வருடம் கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்தவள். 10 மாதப் பெண் குழந்தை இருக்கிறது. இந்த நாட்டில் எதற்கெடுத்தாலும் காகிதம்தான். மனைவியின் ரெசிடென்ஸ் பெர்மிட் இன்னும் 5 வாரத்தில் முடிகிறது. எப்போது பார்த்தாலும் அப்பாயின்ட்மென்ட் இல்லை என்றே வருகிறது. குழந்தைக்கு இன்னும் இந்திய பாஸ்போர்ட் எடுக்கவில்லை. வீட்டில் டி.வி.யே கிடையாது, ஆனால் டி.வி. கட்டணம் கேட்டு நோட்டீஸ் மேல் நோட்டீஸ். வருகிற கடிதங்களை ஷூ ரேக் மேல் ஒரு கட்டைப்பையில் போட்டு வைத்து, நேரம் கிடைக்கும்போது ஃபோனில் மொழிபெயர்த்துப் பார்க்கிறேன். மனைவியிடம் அந்தப் பையைத் தொட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். மொழி தெரியாது, வீணாகப் பயப்படுவாள். தை மாதம் திருக்கடையூரில் அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம். குடும்பத்தோடு போக முடியுமா என்றே தெரியவில்லை. பேசாமல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஊருக்கே வந்துவிடலாமா?

பதில்: தம்பி, பெர்மிட், பாஸ்போர்ட், டி.வி. கட்டணம் மூன்றுக்கும் வழி இருக்கிறது, சொல்கிறேன். முதலில் அந்தக் கட்டைப்பையைப் பற்றிப் பேச வேண்டும். அதை நீங்கள் பெரிதாக நினைத்து எழுதவில்லை. எனக்கு உங்கள் கடிதம் முழுக்க அந்தப் பைதான் தெரிகிறது.

உங்கள் மனைவி 4 வருடம் வங்கியில் வேலை பார்த்தவர் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கூட்டுறவு வங்கி என்றால் நகைக்கடன், பயிர்க்கடன், தவணை தவறியவர்களுக்கு நோட்டீஸ், வருடத்துக்கொரு தணிக்கை. ஊரார் நகையை எடை போட்டுப் பூட்டி வைத்து, கணக்கு சொன்ன இடம் அது. அங்கே வேலை பார்த்தவர் ஒரு கடித உறையைப் பார்த்துப் பயந்துவிடுவாரா? மொழி தெரியாது என்கிறீர்கள். உங்களுக்கு மட்டும் தெரியுமா? ஃபோனைக் காட்டித்தானே நீங்களும் படிக்கிறீர்கள். அதே ஃபோன் அவரிடமும் இருக்கிறது. பகல் முழுக்க வீட்டில் இருப்பவரும் அவர்தான். அந்தப் பையைப் பார்த்துப் பயப்படுவது நீங்கள். அந்தப் பயத்துக்கு அவருடைய பெயரை வைத்திருக்கிறீர்கள்.

இந்த மாதிரிக் கடிதம் எனக்கு வந்துகொண்டேதான் இருக்கிறது. துபாயிலிருந்து வரும், சிங்கப்பூரிலிருந்து வரும், இப்போது ஜெர்மனியிலிருந்து நிறைய வருகிறது. எழுதுகிறவர் பெரும்பாலும் கணவர். மனைவியின் பாஸ்போர்ட்டும் இன்ஷூரன்ஸ் அட்டையும் எந்த டிராயரில் இருக்கின்றன என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். சில வருடம் கழித்து, வேறு மாதிரி ஒரு கடிதம் மனைவியிடமிருந்து வரும். கணவர் திடீரென்று ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார், வீட்டு வாடகை எந்தக் கணக்கிலிருந்து போகிறது என்றுகூட எனக்குத் தெரியாது என்று எழுதியிருப்பார். இரண்டாவது வகைக் கடிதங்களைப் படித்த பிறகு முதல் வகைக் கடிதத்தைப் பொறுமையாகப் படிக்க என்னால் முடிவதில்லை.

என் ஆச்சிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தாத்தா பிழைப்புக்காகச் சிலோனில் இருந்தார். வீட்டுத் தூணில் ஒரு வளைந்த கம்பி தொங்கும். தீர்வை ரசீது, மணியார்டர் துண்டு, கடன் அடைத்த சீட்டு எல்லாவற்றையும் ஆச்சி அதில் குத்தி வைப்பாள். யாராவது வந்து கேட்டால் கம்பியைக் கழற்றி, மேலிருந்து எத்தனையாவது சீட்டு என்று எண்ணி எடுத்துக் கொடுப்பாள். குடும்பத்தின் காகிதம் எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில்தான் தொங்கியது. பர்மா, மலேயா, சிலோன் என்று ஆண்கள் போன காலத்தில் நிலத்தையும் வழக்கையும் கடனையும் பார்த்துக்கொண்டவர்கள் ஊரில் இருந்த பெண்கள். நீங்கள் பட்டதாரிப் பெண்ணைக் கூடவே கூட்டிக்கொண்டு போய், ஒரு பையைத் தொடாதே என்கிறீர்கள்.

அந்தப் பையில் இருப்பதில் பாதி அவருடைய வாழ்க்கை. அவருடைய பெர்மிட் உங்கள் பெர்மிட்டைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறது. பொதுவாக அங்கே 3 வருடம் சேர்ந்து குடும்பம் நடத்திய பிறகுதான் மனைவிக்கென்று தனி உரிமை பிறக்கிறது. அவருக்கு ஆகியிருப்பது 2 வருடம். இதை அவரிடம் சொல்லியிருக்கிறீர்களா? தன் கால் எந்தத் தரையில் நிற்கிறது என்று தெரிந்துகொள்ள ஒருவருக்கு உரிமை இல்லையா?

சரி, இனி வேலைக்கு வருவோம். இன்று ராத்திரி குழந்தை தூங்கியதும் பையைத் தரையில் கொட்டுங்கள். இரண்டு பேரும் உட்காருங்கள்.

முதலில் மஞ்சள் உறைகளைப் பொறுக்குங்கள். அவை முறைப்படி சார்பு செய்யப்பட்ட கடிதங்கள். உறையின் மேலேயே தபால்காரர் தேதி எழுதியிருப்பார். உங்கள் பெட்டியில் போட்ட அந்தத் தேதியிலிருந்தே கெடு ஓடத் தொடங்கிவிடும். நீங்கள் பிரித்தீர்களா இல்லையா என்று யாரும் கேட்க மாட்டார்கள். பணம் கேட்டு நீதிமன்றம் வழியாக வரும் 'மான்பெஷைட்' என்றால் மறுப்புத் தெரிவிக்க 2 வாரம்தான். அரசு அலுவலக ஆணைகளுக்குப் பெரும்பாலும் ஒரு மாதம். சாதாரணத் தபாலில் வந்த ஆணையும், 2025 முதல், அனுப்பிய 4-ஆம் நாள் உங்கள் கைக்குக் கிடைத்துவிட்டதாகவே கணக்கு. 'ஃபிரிஸ்ட்' என்ற சொல் எங்கே இருந்தாலும் வட்டம் போடுங்கள். கெடு என்று அர்த்தம். நேரம் கிடைக்கும்போது பார்க்கலாம் என்பது அந்த ஊரில் எவ்வளவு ஆபத்தான பழக்கம் என்று இப்போது புரிகிறதா?

அடுத்தது குழந்தை. எனக்கு இதில்தான் உண்மையாகவே கோபம் வந்தது. வெளிநாட்டில் பிறந்த குழந்தைக்கு இந்தியக் குடியுரிமை தானாக ஒட்டிக்கொள்ளாது. 1955-ஆம் வருடக் குடியுரிமைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவின்படி, பிறந்த ஒரு வருடத்துக்குள் இந்தியத் தூதரகத்தில் பிறப்பைப் பதிவு செய்ய வேண்டும். வேறு நாட்டு பாஸ்போர்ட் குழந்தைக்கு இல்லை என்று பெற்றோர் எழுதிக் கொடுக்க வேண்டும். ஒரு வருடம் தாண்டினால் மத்திய அரசின் அனுமதி வேண்டும், அது நீண்ட அலைச்சல். குழந்தைக்கு 10 மாதம் ஆகிவிட்டது. உங்களுக்கு மிச்சம் 2 மாதம். நீங்கள் இருக்கும் மாநிலத்துக்கு மியூனிக்கில் உள்ள இந்தியத் துணைத் தூதரகம்தான். ஜெர்மனிக் குடியுரிமை வந்துவிடும் என்று யாராவது சொல்லியிருந்தால் அதையும் நம்பி உட்காராதீர்கள். பெற்றோரில் ஒருவர் 5 வருடம் முறைப்படி அங்கே வாழ்ந்து, நிரந்தரமாகத் தங்கும் உரிமையும் பெற்றிருந்தால்தான் பிறக்கும்போதே அது கிடைக்கும். குழந்தை பிறந்தபோது உங்களுக்கு அந்த 5 வருடமே ஆகவில்லை. குழந்தையின் ரெசிடென்ஸ் பெர்மிட்டுக்கும் பிறந்த 6 மாதத்துக்குள் விண்ணப்பித்திருக்க வேண்டும். செய்யவில்லை என்றால் மனைவியின் விண்ணப்பத்தோடு சேர்த்து இந்த வாரமே அனுப்புங்கள். பாஸ்போர்ட் நடந்துகொண்டிருக்கிறது என்று அதில் எழுதுங்கள். இந்த 2 மாதக் கணக்கு அந்தக் குழந்தையைப் பெற்றவருக்குத் தெரியுமா, தம்பி? தெரிந்திருந்தால் அவரே உங்களை எப்போதோ மியூனிக்குக்கு ரயில் ஏற்றியிருப்பார்.

மனைவியின் பெர்மிட் விஷயத்தில் ஒன்றை நீங்கள் குழப்பிக்கொண்டிருக்கிறீர்கள். அப்பாயின்ட்மென்ட் கிடைப்பது வேறு, விண்ணப்பிப்பது வேறு. பழைய பெர்மிட் முடிவதற்குள் புதுப்பிக்கும் விண்ணப்பம் அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டால், முடிவு வரும்வரை பழையதே தொடர்வதாகச் சட்டம் சொல்கிறது. நகராட்சி ஆன்லைனில் வாங்கினால் ஆன்லைனில் போடுங்கள், இல்லையென்றால் பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். கூடவே இடைக்காலச் சான்றும் கேளுங்கள். அங்கே நம் பிள்ளைகள் 'ஃபிக்ஷன்' என்று சுருக்கிச் சொல்கிறார்களே, அதுதான். பழைய அனுமதி தொடர்கிறது என்ற கட்டத்தில் அதில் குறி இருக்க வேண்டும். அது இருந்தால் நாட்டைவிட்டுப் போய்த் திரும்பவும் வரலாம். வேறு கட்டத்தில் குறி இருந்தால் விமானம் ஏறாதீர்கள். குழந்தையையும், பாஸ்போர்ட்டும் திரும்பி வருவதற்கான அனுமதியும் கைக்கு வராமல் ஏற்றாதீர்கள்.

டி.வி. கட்டணம் டி.வி.க்கு இல்லை, வீட்டுக்கு. மாதம் 18.36 யூரோ, மூன்று மாதத்துக்கு ஒருமுறை 55.08. வீட்டில் பெட்டி இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. கட்டாமல் விட்டால் ஒவ்வொரு ஆணையிலும் குறைந்தது 8 யூரோ தாமதக் கட்டணம் ஏறும், அப்புறம் ஜப்திக்கு ஆள் வரும். வாதாடாமல் கட்டிவிடுங்கள்.

குழந்தைக்கான அரசுத் தொகை 'கிண்டர்கெல்டு' வாங்குகிறீர்களா? அதைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை என்பதால் கேட்கிறேன். மாதம் 250 யூரோவுக்கு மேல். ஆனால் விண்ணப்பித்த மாதத்துக்கு முந்தைய 6 மாதம் வரைதான் பழைய பாக்கி தருவார்கள். இன்னும் போடவில்லை என்றால் உங்கள் மகளின் பணத்தில் நாலு மாதம் ஏற்கெனவே போய்விட்டது.

இன்னொன்று கேட்கிறேன். உங்கள் கடிதப் பெட்டியில் யார் பெயர் ஒட்டியிருக்கிறது? உங்கள் பெயர் மட்டும்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அந்த ஊர் முகவரியில் பெரும்பாலும் வீட்டு எண் கிடையாது, கட்டட எண்ணோடு சரி. தபால்காரர் பெட்டியில் உள்ள பெயரைப் பார்த்துத்தான் போடுவார். நமக்கோ குடும்பப் பெயர் கிடையாது. பாஸ்போர்ட்டில் உங்களுக்கு உங்கள் அப்பா பெயர், மனைவிக்கு அவர் அப்பா பெயர், குழந்தைக்கு உங்கள் பெயர் என்று ஒரே வீட்டில் மூன்று குடும்பப் பெயர்கள் இருக்கலாம். பெட்டியில் இல்லாத பெயருக்கு வந்த கடிதம் வந்த வழியே திரும்பிப் போகும். மூன்று பெயரையும் எழுதி ஒட்டுங்கள்.

ஊருக்கே வந்துவிடலாமா என்கிறீர்கள். தாராளமாக வாருங்கள். பெற்றவர்களுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று வந்தால் உங்களைக் கையெடுத்துக் கும்பிடுவேன். காகிதத்துக்குப் பயந்து வருவதாக இருந்தால் வராதீர்கள். இங்கேயும் பட்டா இருக்கிறது, வாரிசுச் சான்று இருக்கிறது, அப்பாவின் மருத்துவக் காப்பீட்டு பாரம் இருக்கிறது. அந்த ஊரைவிட்டுக் கிளம்பவும் நகராட்சியில் பெயரை நீக்க வேண்டும், பாக்கிகளை முடிக்க வேண்டும். பை உங்களுடன்தான் விமானம் ஏறும்.

அறுபதாம் கல்யாணத்தில் மகனும் மருமகளும் பேத்தியும் நிற்க வேண்டும் என்று உங்கள் அப்பா ஆசைப்படுவார். முயற்சி செய்யுங்கள். காகிதம் கைகூடவில்லை என்றால் கடைசி வாரத்தில் சாக்குச் சொல்லாமல், நிலைமையை இப்போதே ஃபோன் போட்டு அவரிடம் சொல்லுங்கள். நீங்கள் தனியாகப் போவதா என்பதை மனைவியோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். அவரைத் தனியே விட்டுப் போவதாக இருந்தால், அவசரத்துக்கு 112, ராத்திரியில் டாக்டர் வேண்டுமென்றால் 116117 என்ற இரண்டு எண்களும், இன்ஷூரன்ஸ் அட்டையும், வங்கிக் கணக்கும் அவர் கையில் இருக்க வேண்டும்.

மொழிக்கு, ஸ்டுட்கார்ட்டில் 'ஃபோல்க்ஸ்ஹோக்ஷூலே' என்ற பொதுமக்களுக்கான கல்வி நிலையம் வகுப்புகள் நடத்துகிறது. ப்ளூ கார்டுக்காரரின் மனைவி மொழித் தேர்வு எழுதாமலே வரலாம் என்பதால் உங்கள் வீட்டில் அது தள்ளிப்போய்விட்டது. வாரத்தில் இரண்டு மாலை நீங்கள் குழந்தையைப் பார்த்துக்கொண்டு அவரை அனுப்புங்கள். கடிதத்தில் சந்தேகம் வந்தால் காரித்தாஸ், டியாக்கோனி மாதிரி தொண்டு அமைப்புகளில் புதிதாக வந்தவர்களுக்கு இலவச ஆலோசனை உண்டு; கடிதத்தை எடுத்துக்கொண்டு அவரே போகட்டும். வங்கியில் கவுண்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தவர், இந்தப் பக்கம் நின்று பேச அவருக்குத் தெரியும்.

வீடு கொடுக்கும்போது கடிதப் பெட்டிக்குப் பெரும்பாலும் இரண்டு சாவி கொடுப்பார்கள். ஒன்று உங்கள் சட்டைப்பையில் இருக்கும். இன்னொன்று எங்கே என்று தேடி எடுத்து, இன்று ராத்திரி பையைக் கொட்டுவதற்கு முன்னால் அவர் கையில் கொடுங்கள்.