மருத்துவக் கருவிக் கண்டுபிடிப்புகளும் காப்புரிமைகளும் ஏன் சில ஊர்களிலேயே குவிகின்றன?

களியக்காவிளையில் பஸ் ஏறி நாங்கள் ஹார்ட் ஆபரேஷனுக்குப் போகும் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திராவையே பாருங்கள். ஆஸ்பத்திரி ஒரு பக்கம்; பூஜப்புரையில் பழைய அரண்மனை வளாகத்தில் கருவி செய்யும் ஆய்வுக்கூடம் மறுபக்கம். நெஞ்சைத் திறக்கும் டாக்டரும் உலோகம் கடையும் இன்ஜினியரும் ஒரே நிறுவனம்.

அங்கே டாக்டர் வலியத்தான் தலைமையில் உருவானதுதான் சித்திரா வால்வு, அதாவது இதயத்தில் பொருத்தும் செயற்கை வால்வு. முதல் மூன்று வடிவங்கள் தேறவில்லை. நான்காவதை 1990 டிசம்பரில் நோயாளிக்குப் பொருத்தினார்கள். கோபால்ட்-குரோமிய உலோகச் சட்டத்துக்குள் சாய்ந்து திறக்கும் பிளாஸ்டிக் வட்டு. எங்கள் தெரு அண்ணாச்சி ஒருவருக்குச் செயற்கை வால்வு. ராத்திரி பக்கத்தில் உட்கார்ந்தால் டிக் டிக்கென்று கேட்கும்.

தோற்ற மூன்றிலும் கிடைத்த பாடம் காப்புரிமைத் தாளில் வராது, ஆட்களின் கையில்தான் இருக்கும். அந்த ஆட்கள் சேர்ந்திருக்கும் ஊரில்தான் அடுத்த கருவியும் பிறக்கும். ரத்தப்பை நுட்பமும் அங்கிருந்தே உள்ளூர்க் கம்பெனிக்குப் போனது. அமெரிக்காவின் மினியாபொலிஸிலும் இதே கதைதான்: 1949-ல் ஒரு கராஜில் ரிப்பேர் கடையாகத் தொடங்கிய மெட்ரானிக், பக்கத்துப் பல்கலைக்கழக சர்ஜன் கேட்டதால் 1957-ல் பேட்டரியில் ஓடும் பேஸ்மேக்கர் (இதயத் துடிப்பைச் சீராக்கும் கருவி) செய்தது.

ஆனால் எந்த ஊரில் எத்தனை காப்புரிமை என்ற எண்ணிக்கையை அப்படியே நம்பாதீர்கள். விண்ணப்பதாரர் முகவரியை வைத்து எண்ணினால் தலைமை அலுவலகம் இருக்கும் ஊர்தான் வீங்கித் தெரியும். கண்டுபிடித்தவர் முகவரியைப் பாருங்கள்.