பெருநகரத்தில் வசதியான சாதாரண உணவகத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது?

சாதாரண உணவகம் என்றால், முன்பதிவு இல்லாமல், போட்டிருக்கும் உடையோடே போய், மேசையில் உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டு வரக்கூடிய இடம். துரித உணவுக் கடைக்கும் ஆடம்பர ஹோட்டலுக்கும் நடுவில் வரும்.

பெரிய நகரத்தில் வசதியைக் கிலோமீட்டரில் அளக்காதீர்கள், நேரத்தில் அளந்து பாருங்கள். தொலைவில் இருந்தாலும் ரயில் நிலையத்தை ஒட்டிய கடைக்குச் சீக்கிரம் போய்விடலாம். பக்கத்துத் தெருவிலேயே இருந்தும், வண்டி நிறுத்த இடம் தேடித் தேடிப் பசியே அடங்கிப்போகும் கடைகளும் உண்டு. நாலைந்து பேர் வெவ்வேறு திசையிலிருந்து வருகிறீர்களா? வரைபடத்தின் நடுப்புள்ளியை விட்டுவிட்டு, எல்லோருக்கும் தோதான ரயில் அல்லது பேருந்துத் தடத்தில் தேடுங்கள்.

அப்புறம் காத்திருப்பு. இது டிக்கெட் கவுன்டர் மாதிரி: வரிசையின் நீளத்தை விட அது நகரும் வேகம்தான் முக்கியம். வாசலில் நின்று உள்ளே ஒரு பார்வை பாருங்கள். சாப்பிட்டு முடித்த தட்டுகள் மேசையிலேயே கிடந்தால், பெரும்பாலும் ஆள் பற்றாக்குறை. காலி இருக்கை தெரிந்தாலும் தாமதமாகும். மெனு சுருக்கமாக இருப்பதை நான் நல்ல அறிகுறியாகவே எடுத்துக்கொள்வேன். வகைகள் குறைவு என்றால் முன்னேற்பாடு எளிது, பொருளும் தேங்கிப் பழசாகாது. கூட்ட நேரத்துக்கு அரை மணி முன்னால் போனால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

இணைய விமர்சனங்களில் அதிக நட்சத்திர மதிப்பெண் இருந்தால் நல்ல கடை என்று பலர் நினைக்கிறார்கள்; ஆனால் எத்தனை பேர் தந்தது என்பதையும் பாருங்கள்: 20 பேர் தந்த 4.8-ஐ விட 2,000 பேர் தந்த 4.3 நம்பகமானது.