தனிப் பண்ணை வீட்டில் பயணி சிக்கிக்கொள்ளும் படங்களில் உங்களை மிகவும் பயமுறுத்தியது எது? ஏன்?

டோப் ஹூப்பர் இயக்கி 1974-இல் வெளிவந்த 'தி டெக்ஸஸ் செயின் சா மாஸக்கர்' (டெக்ஸஸ் இயந்திர ரம்பப் படுகொலை). பெயரைக் கேட்டே திரை முழுவதும் ரத்தம் ஓடும் என்று எண்ணிப் பல ஆண்டுகள் இப்படத்தைத் தள்ளி வைத்திருந்தேன். பார்த்த பிறகுதான் அதில் ரத்தம் மிகக் குறைவு என்பதும், நான் பயந்தது வேறொன்றுக்கு என்பதும் தெரிந்தது.

டெக்ஸஸின் கிராமப்புறச் சாலையில் வேனில் செல்லும் ஐந்து இளைஞர்கள் நிறுத்தும் பங்க்கில் பெட்ரோல் இல்லை. சற்றுத் தொலைவிலுள்ள பண்ணை வீட்டில் ஜெனரேட்டர் ஓடும் சத்தம் கேட்கவே, கொஞ்சம் பெட்ரோல் கேட்டு வாங்கலாம் என்று அவர்களில் ஒருவன் போகிறான். பட்டப்பகல். கூப்பிட்டுப் பார்க்கிறான், பதில் இல்லை. உள்ளே நுழைந்தவன் கால் இடறித் தடுமாறும்போது தோல் முகமூடி அணிந்த ஒருவன் எதிரே வந்து சம்மட்டியால் ஒரே அடி அடித்து, உடலை உள்ளே இழுத்து, இரும்புக் கதவைப் படாரென்று சாத்திவிடுகிறான். சில நொடிகளில் எல்லாம் முடிந்துவிடுகிறது. தேடி வரும் பெண்ணை இறைச்சிக் கொக்கியில் மாட்டும்போதும் காயத்தைக் காட்டாமல், அவளுக்குக் கீழே வைத்திருக்கும் தொட்டியைக் காட்டுகிறார்கள்; அது எதற்கு என்பதை நாமே புரிந்துகொள்கிறோம்.

என்னை உலுக்கிய இடம் இதற்கும் பிறகு வருகிறது. இரவில் ஓடித் தப்பிய சாலி, அந்த ஐவரில் ஒருத்தி, அதே பங்க்கில் தஞ்சம் புகுகிறாள். பங்க்காரரோ அந்த முகமூடிக்காரனின் குடும்பத்தைச் சேர்ந்தவர். அவளைக் கட்டிச் சாக்கில் போட்டு வண்டியில் ஏற்றியவர், புறப்படும் முன் கடையைப் பூட்டி விளக்குகளை அணைத்துவிட்டு வந்து, மின்சாரச் செலவு தாங்க முடியவில்லை என்று அவளிடமே அலுத்துக்கொள்கிறார். கசாப்புக்கூடத்தில் சம்மட்டிக்குப் பதில் இயந்திரம் வந்து வேலை பறிபோனவர்களின் குடும்பம் அது. அவர்களுக்கு இதுவும் அன்றாட வீட்டு வேலை. அந்த அலுப்பைவிடக் கொடூரமான வசனம் படத்தில் வேறில்லை என்பேன்.

உண்மைச் சம்பவம் என்று படத்தின் தொடக்கத்தில் சொல்வதை நம்ப வேண்டாம். 1957-இல் விஸ்கான்சினில் பிடிபட்ட எட் கீன் என்பவனின் வீட்டில் மனிதத் தோலால் செய்த பொருள்கள் கிடைத்ததிலிருந்து சில கூறுகளை எடுத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். அவன் ரம்பம் ஏந்தியவனும் அல்லன், டெக்ஸஸ்காரனும் அல்லன்.

இரவு விருந்துக் காட்சியில் சாலியின் கண்களை மிக அருகில் காட்டும்போது தெரியும் களைப்பு முழுவதும் நடிப்பல்ல. 1973-இன் கோடையில், ஜன்னல்களைத் துணியால் அடைத்த வீட்டுக்குள், அழுகும் இறைச்சி நாற்றத்துக்கு நடுவே, ஒரு நாளுக்கும் மேலாக இடைவிடாமல் எடுக்கப்பட்ட காட்சி அது. முகமூடிக்காரனாக நடித்த குன்னார் ஹான்சனுக்கு இருந்தது ஒரே உடை. சாயம் போய்விடும் என்று அதைத் துவைக்கவே இல்லை.

பிரிட்டன் தணிக்கைக் குழு 1975-இல் இப்படத்துக்குச் சான்றிதழ் மறுத்தது. காட்சிகளை வெட்டிப் பார்த்தும் அதன் கடுமை குறையவில்லை. கடைசியில் 1999-இல் ஒரு வெட்டும் இல்லாமல் அனுமதித்தார்கள்.