கழுத்துக் கட்டிக்கு ஒட்டுண்ணி காரணமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: பிடரியில் நெறி கட்டி மூன்று வாரம் ஆகிறது. வலியே இல்லை. வீட்டில் பூனை வளர்க்கிறோம். அதுதான் காரணமா?

பதில்: இருக்கலாம். டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி பெரும்பாலும் இப்படித்தான் வரும்: கழுத்தில், வலி இல்லாமல், சீழும் பிடிக்காமல். ஆனால் பூனையை மட்டும் குற்றம் சொல்லாதீர்கள். சரியாக வேகாத இறைச்சியும் மண் போகக் கழுவாத காய்கறியும்கூட இதைக் கொண்டுவரும்.

ரத்தத்தில் ஐஜிஜி, ஐஜிஎம் என்ற இரண்டு வகை எதிர்ப்புப் புரதங்களைப் பார்ப்பார்கள். ஐஜிஎம் பாசிட்டிவ் என்றதும் புதுத் தொற்று என்று முடிவு கட்டிவிட முடியாது. அது மாதக்கணக்கில், சிலருக்கு ஒரு வருடம் தாண்டியும் ரத்தத்தில் இருக்கும். சந்தேகம் இருந்தால் ஐஜிஜி அவிடிட்டி சோதனை, அதாவது ஐஜிஜி கிருமியை எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கிறது என்று பார்க்கும் சோதனை, உதவும். அவிடிட்டி அதிகம் என்றால் தொற்று சில மாதங்களாவது பழையது. ஆரோக்கியமானவர்களுக்குப் பெரும்பாலும் மருந்தே வேண்டாம். கர்ப்பமாக இருந்தாலோ எதிர்ப்பு சக்தி குறைந்திருந்தாலோ தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: மலப் பரிசோதனை நார்மல். அப்படியானால் ஒட்டுண்ணி இல்லைதானே?

பதில்: அப்படிச் சொல்ல முடியாது. குடலில் இருப்பதுதான் மலத்தில் தெரியும். தசையிலோ நிணநீர் முடிச்சிலோ இருப்பது தெரியாது. ஈசினோபில் என்ற வெள்ளை அணுவின் எண்ணிக்கையும் தனியாகப் போதாது. அலர்ஜியிலும் ஏறும், டாக்ஸோபிளாஸ்மாவில் பொதுவாக ஏறாது.

கேள்வி: கழுத்துத் தசையில் சின்ன உருண்டை. ஸ்கேனில் 'சிஸ்டிசெர்கோசிஸ்' என்று வந்திருக்கிறது. பூச்சி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்ளலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். இது நாடாப்புழுவின் இளம்பருவம். அல்ட்ராசவுண்டில் நீர்க்கட்டியும், அதற்குள் ஓரமாக ஒட்டிய வெள்ளைப் புள்ளியும் தெரியும். அந்தப் புள்ளிதான் புழுவின் தலை. கழுத்தில் ஒன்று இருந்தால் மூளையிலும் கண்ணிலும் இருக்கலாம். மாத்திரையில் அவை சாகும்போது சுற்றிலும் வீக்கம் ஏற்பட்டு வலிப்பு வரலாம், பார்வை பாதிக்கலாம். முதலில் மூளை ஸ்கேன், கண் பரிசோதனை. அப்புறம்தான் மருந்து.

கேள்வி: ஊசி குத்தி எடுக்கும் சோதனைக்குப் பயமாக இருக்கிறது.

பதில்: பெரும்பாலும் பயம் தேவையில்லை. ஹைடாடிட் நீர்க்கட்டி (இன்னொரு வகை நாடாப்புழுவின் இளம்பருவத்தால் வரும் கட்டி) என்று சந்தேகம் இருந்தால் மட்டும் எச்சரிக்கை வேண்டும். உள்ளிருக்கும் நீர் கசிந்தால் கடுமையான ஒவ்வாமை வரலாம். அதனால்தான் முதலில் ஸ்கேன் எடுக்கிறோம்.

கேள்வி: எடுத்தவுடன் ஒட்டுண்ணிச் சோதனைகள் செய்யலாமா?

பதில்: வேண்டாம். தொண்டை, பல், காசநோய், தைராய்டு இவையே முதலில். இரண்டு வாரம் தாண்டியும் குறையாத, கல் போல் இறுகிய, அசையாத கட்டி என்றால் புற்றுநோய் இல்லை என்று உறுதி செய்த பிறகே மற்றதெல்லாம்.