14 ஆண்டுகளா, 5 ஆண்டுகளா?

அன்புள்ள ஐயா,

நான் கணிதத்தில் முதுகலையும் பி.எட்.டும் முடித்தவள். காரைக்குடியில் ஒரு மெட்ரிக் பள்ளியில் 9, 10ஆம் வகுப்புகளுக்கு 5 ஆண்டுகள் கணிதம் எடுத்தேன். அதற்கு முன்னும் பின்னுமாக 7 ஆண்டுகள் வீட்டில் டியூஷன். கடைசி 2 ஆண்டுகள் இணையவழி ஸ்போக்கன் இங்கிலீஷ். 14 ஆண்டு அனுபவம் என்று எழுதித் துபாய்ப் பள்ளிகளுக்கு விண்ணப்பித்தும் ஒருவரும் அழைக்கவில்லை. என்னோடு பி.எட். படித்த தோழிக்கு 3 ஆண்டு அனுபவத்திலேயே அங்கு வேலை கிடைத்துவிட்டது. எங்கே தவறுகிறேன்?

வாசகி, பள்ளத்தூர்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கூட்டலில் பிழையில்லை. வெவ்வேறு இனங்களை ஒரே பற்றில் ஏற்றியதுதான் பிழை. வளைகுடாவில் ஓர் இந்தியப் பள்ளியில் வேலை பார்த்த நாட்களில் ஆசிரியர் தேர்வுக்கு வரும் விண்ணப்பங்களைப் படிக்கும் வேலையும் எனக்கு இருந்தது. முதல் வரியில் 14 என்று படித்துவிட்டு உள்ளே போய்ப் பார்த்தால் 5தான் இருக்கிறது என்று தெரியும்போது, அந்த ஐந்தின் மேலும் சந்தேகம் விழுந்துவிடும்.

நம் செட்டிநாட்டுப் பக்கத்தில் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போன காலத்தில், கணக்கு முடித்துத் திரும்பியவரை இன்னொரு கடைக்கு அமர்த்தும்போது யார் கடையில் இருந்தார், எடுபிடி வேலை பார்க்கும் பெட்டியடிப் பையனாகவா, கடையை நடத்துபவருக்கு அடுத்த நிலையிலுள்ள அடுத்தாளாகவா என்றுதான் விசாரித்திருப்பார்கள். வெளிநாட்டுப் பள்ளி நிர்வாகம் கேட்பதும் ஏறக்குறைய அதுவே: பி.எட். முடித்த பிறகு, முழுநேரமாக, எந்தப் பாடத்திட்டத்தில், எந்த வகுப்புக்கு, யாரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளலாம்? உங்கள் தோழி சிபிஎஸ்இ பள்ளியிலிருந்து போயிருந்தால், அங்குள்ள இந்தியப் பள்ளிகளில் பெரும்பாலானவை அதே பாடத்திட்டத்தை நடத்துவதால், அவருடைய 3 ஆண்டுகள் உங்கள் ஐந்தைவிட எடை கூடியதில் வியப்பில்லை. இது நியாயமா என்று கேட்டால், முழுக்க நியாயம் என்று சொல்லமாட்டேன். இருபடிச் சமன்பாடு எந்தப் புத்தகத்தில் இருந்தாலும் இருபடிச் சமன்பாடுதான்.

'மெட்ரிக்' என்ற சொல்லும் உங்களுக்கு உதவவில்லை. 2010-11இல் சமச்சீர்க் கல்வி வந்த பின் நம் மெட்ரிக் பள்ளிகளும் பத்தாம் வகுப்பு வரை பொதுப் பாடத்திட்டத்தையே நடத்துகின்றன என்பது வெளிநாட்டில் விண்ணப்பம் படிப்பவருக்குத் தெரிய நியாயமில்லை. மாநிலப் பாடத்திட்டம் என்று தெளிவாக எழுதி, 14, 15 வயது மாணவர்களுக்கு என்னென்ன பகுதிகளை நடத்தினீர்கள் என்பதையும் குறிப்பிடுங்கள். பிரிட்டிஷ் வழிப் பாடத்திட்டமான ஐஜிசிஎஸ்இ நடத்தும் பள்ளிக்கு அனுப்பும்போது இந்தக் குறிப்பே உங்களுக்காகப் பேசும்.

டியூஷன் ஆண்டுகளை எண்ணிக்கையில் சேர்க்காமல் தனித் தலைப்பில் எழுதுங்கள். டெமோ வகுப்பில் டியூஷன் எடுத்தவர்களைச் சில நிமிடங்களிலேயே கண்டுபிடித்துவிடலாம். முன் வரிசைப் பிள்ளையிடமே பேசிக்கொண்டிருப்பார்கள், கடைசி வரிசை அவர்கள் கண்ணில் படாது. ஆனால் ஒரு பிள்ளை கணக்கில் தவறினால், எந்தப் படியில் தவறியது என்பதை அவர்களைப் போல உடனே பிடிப்பவர்கள் குறைவு. இந்தத் திறமைக்கு என் சக தேர்வாளர்கள் கொடுத்ததைவிட நான் அதிக மதிப்பெண் கொடுத்து வந்தேன்.

ஸ்போக்கன் இங்கிலீஷை நம்பி ஆங்கில ஆசிரியை வேலைக்குத் தாவிவிடாதீர்கள். தென் கொரியாவில் உரையாடல் ஆங்கிலம் கற்பிப்பதற்கான ஈ-2 விசா வழக்கமாக ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட 7 நாடுகளின் குடிமக்களுக்கே உரியது. அங்கே அனுபவத்துக்கு முன் பாஸ்போர்ட்டைத்தான் பார்க்கிறார்கள். மற்ற இடங்களிலும், ஆங்கிலம் கற்பிப்பவர்களுக்கான செல்டா என்ற 120 மணி நேரப் பயிற்சியில் பயிற்றுநர் உட்கார்ந்து பார்த்து மதிப்பிடும் 6 மணி நேர வகுப்புக்கு உள்ள மரியாதை, யாரும் பார்க்காத 2 ஆண்டு இணைய வகுப்புக்குக் கிடைப்பது அரிது.

உங்களுக்குப் பொருத்தமான வழி வேறொன்று உண்டு. 2023 பிப்ரவரி முதல் இங்கிலாந்தில் கியூடிஎஸ் என்னும் ஆசிரியர் தகுதிக்கு இந்தியாவில் பயிற்சி பெற்றவர்களும் நேரடியாக விண்ணப்பிக்கலாம். கணிதம், அறிவியல், மொழிகள் ஆகியவற்றை 11 முதல் 16 வயதினருக்குக் கற்பிக்கத் தகுதி பெற்றவர்களுக்கு அந்த வாய்ப்பு. ஆனால் அது தகுதி மட்டுமே. வேலையும் விசாவும் தனி.

எல்லாவற்றுக்கும் முன் அனுபவச் சான்றிதழைச் சரி செய்யுங்கள். நான் வெளிநாடு போகுமுன் இருந்த பள்ளி கொடுத்த சான்றிதழில் நன்னடத்தை உள்ளவர் என்று இருந்ததே தவிர, என்ன பாடம், எந்த வகுப்பு என்று ஒரு சொல் இல்லை; அதனால் என் 4 ஆண்டுகள் சம்பளக் கணக்கில் ஏறவே இல்லை. பாடம், வகுப்புகள், சேர்ந்த நாள், விலகிய நாள், முழுநேரப் பணி ஆகிய அனைத்தும் வருமாறு நீங்களே தட்டச்சு செய்து எடுத்துப் போய், பள்ளியின் முகப்புத் தாளில் தாளாளரின் கையெழுத்தும் முத்திரையும் வாங்குங்கள். பி.எஃப். பிடித்திருந்தால் அந்தப் பதிவையும் எடுத்து வையுங்கள். வளைகுடாவின் இந்தியப் பள்ளிகள் ஏப்ரலில் திறப்பதால், தைப்பொங்கலுக்கு முன்பே விண்ணப்பம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.