புலனுணர்வும் உள்ளுணர்வும் ஒருவரிடமே சேர்ந்து இருக்குமா?
ஆளுமை வகைக் கோட்பாட்டில் புலனுணர்வும் உள்ளுணர்வும் எதிரெதிர் என்கிறார்களே, ஒருவரிடம் இரண்டும் இருக்காதா என்பது கேள்வி. இருக்கும். எல்லோரிடமும் இரண்டும் உண்டு. எது முந்திக்கொள்கிறது என்பதில்தான் வித்தியாசம்.

சுவிஸ் உளவியலாளர் கார்ல் யுங் 1921-இல் இந்தக் கோட்பாட்டை எழுதியபோது இரண்டையுமே தகவலை உள்வாங்கும் வழிகளாகத்தான் வைத்தார். எடைபோட்டு முடிவெடுப்பது சிந்தனை, உணர்ச்சி என்ற வேறு இரண்டின் வேலை. புலனுணர்வு கண்ணெதிரே இருப்பதை அப்படியே பிடிக்கும்: நிறம், ஒலி, அளவு. உள்ளுணர்வோ இது எங்கே போகும், பின்னால் என்ன இருக்கிறது என்று தாவும். ஓர் ஒப்பந்தத்தைப் படிக்கும்போது ஒருவர் தேதிப் பிழையைப் பார்ப்பார். இன்னொருவர் 'இவர்கள் பாதியில் விலகப் பார்க்கிறார்கள்' என்பார். ஆனால் அந்த ஊகத்துக்கும் இப்படிப்பட்ட விவரங்கள்தான் தீனி.

யுங் கணக்குப்படி ஒன்று ஓங்கினால் மற்றது நனவிலி மனத்துக்குள் அடங்கிவிடும், ஆனால் சும்மா இருக்காது. உள்ளுணர்வு ஓங்கியவர் தன் உடம்பின் தேவையைக் கவனிக்காமல் விடுவார். புலனுணர்வு ஓங்கியவரோ திடீரென்று ஆதாரமில்லாத சந்தேகத்தில் சிக்குவார். எனக்கு இந்தக் கோட்பாட்டில் சுவாரசியமான இடமே இதுதான்.

அப்புறம், இந்தக் கோட்பாட்டை வைத்து ஆளுமை வகை சொல்லும் மயர்ஸ்-பிரிக்ஸ் சோதனை தரும் எழுத்தை (புலனுணர்வுக்கு S, உள்ளுணர்வுக்கு N) ரொம்ப நம்ப வேண்டாம். நிறையப் பேரின் மதிப்பெண் நடுவில்தான் விழுகிறது. மறுபடி எழுதினால் எழுத்தே மாறிவிடலாம்.